ஒன்பதாவது நிமிடம்

அக். 13, திங்கள்

விடியலிலிருந்தே தூறல். ஹட்டன் வரை பஸ்ஸில் நின்றபடி. குடைக்கம்பி ஒன்று போச்சு.

10.32க்கு போனில் செய்தி: மின்சாரம் இல்லை, பெட்டரியில் ஓடுகிறது. நான் ஒன்பதாம் வகுப்பில், பலகையில் பின்னம். 10.41க்கு வீட்டுக் கெமரா செத்தது. அதன் பிறகு என்ன பாடம் எடுத்தேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

மஸ்கெலியாவில் இறங்கி மேட்டில் ஓட்டம். வீட்டில் 2.50. அப்பா முன்னறை நாற்காலியில், சட்டையில் பருப்பு, முகத்தில் ஒரு குறையும் இல்லை.

"என்னா இப்புடி ஓடியார? பேய் அடிச்சிருச்சா?"

அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நாளைக்கு மறக்காமல் இருக்க:
- தம்பி கட்டார் போகும்போது விட்டுப்போன கம்பியூட்டர்தான் நம் சர்வர். அலுமாரிக்குள். கெமராப் படம் அதில் சேரும், மருந்து மணி அதில் அடிக்கும்.
- கரண்ட் போனால் யூ.பி.எஸ். பெட்டி அதைத் தாங்க வேண்டும்.
- பெட்டியைக் கண்காணிக்கும் மென்பொருள் சொல்வது: பெட்டரி நூறு வீதம், 38 நிமிடம் தாங்கும்.
- தாங்கியது 9.

பத்து வீதத்துக்கு இறங்கினால் சர்வரை ஒழுங்காக மூடு, கரண்ட் வந்ததும் நீயே எழுந்திரு என்று எழுதி வைத்திருக்கிறேன். அது பத்துக்கு இறங்கவே இல்லை. நூறிலிருந்து நேரே சாவு. விழுந்தால் நான் வந்து தட்டி எழுப்பும்வரை எழுவதும் இல்லை.

மேசை லாச்சியில் கொழும்புக் கடிதம். ஒரு வருடப் படிப்பு. சம்மதம் வெள்ளிக்கிழமை தபாலில் போயாக வேண்டும். போன வருடமும் வந்தது. அப்பாவைச் சொல்லி மறுத்தேன். அவருக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து ஐந்து வருடம், எனக்கு வயது 36. இந்தத் தடவை, மதியத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் மேரி அக்காவும் அவங்க புருஷனும் இங்கேயே வந்து தங்க ஒத்துக்கொண்டார்கள். மிச்சம் இந்தப் பெட்டிதான். ஒரே ஒரு நாள், காலை 6.30 முதல் நான் வீடு வரும்வரை சர்வர் விழாமல் நின்றால் கையெழுத்து. எனக்கு நானே போட்ட சட்டம்.

அக். 14, செவ்வாய்

மூட்டம். தூரத்தில் இடி.

காலையில் கேபிளை மாற்றினேன். மென்பொருளைக் கழற்றி மறுபடி போட்டேன். 38 நிமிடம் என்று மறுபடியும் சத்தியம் செய்தது.

10.30 செய்தி. 10.39 சாவு.

ஸ்டாஃப் ரூமில் யாழ்ப்பாணத்து சயன்ஸ் டீச்சர்: "ஏன் மிஸ் போனையே பாத்துக்கொண்டு இருக்கிறியள்? ஆரும் பொம்பிளை பாக்க வருகினமோ?" எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். எரிச்சல்.

பஸ்ஸில் யோசனை: இடி இடித்தால் பிளக்கை உருவுவது இந்த மலையில் எல்லா வீட்டிலும் வழக்கம். மேரி அக்கா உருவியிருப்பாரோ? கேட்டேன்.

"நான் ஏன் டீச்சர் அதத் தொடுறேன்? தொட்டா அது கத்துமே. கொழுந்து நிறுத்துட்டு பன்னண்டு மணிக்குத்தான வாரேன்."

சரிதான். இது பத்தரைக்கு.

செபமாலை மாதம். இன்றைக்குச் செபம் சொல்லும் முறை கடைசி லயத்து வீட்டில். போகவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இணையத்தில் எங்கோ உள்ள யார் யாரோ எழுதிய யோசனைகளைப் படித்தேன். ஒருவர் மென்பொருளில் இந்த எண்ணை மாற்று என்கிறார், ஒருவர் மாற்றாதே என்கிறார். மாற்றினேன். ஒன்றுமில்லை. இந்த அலுமாரி, இந்த அறை, இந்த மலை. சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், அப்பா மருந்து, டயப்பர், குடை.

அக். 15, புதன்

வெயில்! இடி இல்லை, மழை இல்லை.

10.31 செய்தி. 10.40 சாவு. இன்றைக்குமா?

நான் வந்தபோது மேரி அக்கா இன்னும் எங்கள் வீட்டில் இருந்தார். கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன்.

"போகவே இல்லையே டீச்சர். காலையில இருந்து புள்ளமடுவத்துல ரேடியோ பாடிக்கிட்டே இருந்துச்சு. நிறுக்கையில எங்களுக்கே கேட்டுச்சு."

பிள்ளைகளைப் பார்க்கும் அந்த மடுவத்துக்கும் எங்களுக்கும் ஒரே லைன். அங்கே பாடினால் இங்கே எப்படிப் போகும்?

அப்போதுதான் புத்தி வந்தது. மூன்று நாளாக மென்பொருள் எழுதிய வரிகளைத்தான் பார்த்தேன், கெமரா பிடித்த படத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன், அப்பாவைப் பார்க்கவில்லை.

படம்: 10.31. அப்பா நாற்காலியிலிருந்து வலப்பக்கம் சாய்கிறார். நல்ல கை சுவர்ப் பக்கம் போகிறது. திரும்பி வருகிறது, பிளக்கோடு. பிறகு மடியில் கைக்கடிகாரம். ஒன்பது நிமிடம் கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறார். அதோடு படம் முடிந்தது. மேரி அக்கா வருமுன் மறுபடி சொருகியிருப்பார்.

கோபம் என்றால் கோபம். என்னைப் போகவிடக் கூடாது என்றுதானே? வாய்க்கு வந்ததைக் கேட்டேன். ஐந்து வருடக் கணக்கையும் சேர்த்துக் கேட்டேன். எழுத வெட்கம்.

அவர் சத்தம் போடவில்லை. நாற்காலிக்குப் பின்னாலுள்ள காலண்டரைக் காட்டினார். பென்சிலால், கோணல் எழுத்தில்: 12, 11, 11, 9, 9, 9. எல்லாம் நிமிடம். முதல் மூன்றும் பள்ளி லீவில் நான் மீட்டிங் போன நாட்கள்; அன்றைக்கு விழுந்ததை மழை மேல் போட்டிருந்தேன்.

"நான் தேயில பெக்டரியில முப்பத்தோரு வருசம் எஞ்சின் ரூம் பாத்தவன், புள்ள. தெனமும் வேல தொடங்கமுந்தி மெயின ஆஃப் பண்ணி, ஜெனரேட்டர் தாங்குதான்னு பாத்துட்டுத்தான் ரோலருக்கு லைன் குடுப்போம். மெயின் இருக்கையிலயே புடுங்கிப் பாக்கணும். போன பொறகு பாத்து என்னா பிரயோசனம்?"

"சொல்லிட்டுச் செய்யக் கூடாதா அப்பா?"

"சொன்னா நீ உட்ருவியா? கொழும்புக் கடுதாசிய மேரி வாசிச்சுக் காட்டிருச்சு. நீ போயிட்டா இது தாங்கணுமா இல்லையா? அந்தக் கம்பியூட்டர் சொல்றதெல்லாம் சும்மா கத. பெட்டரி செத்துப்போச்சு. மாத்து. மாத்திட்டு போ."

மாத்திட்டு போ. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

ராத்திரிச் சாப்பாடு. முட்டையை அவர் தட்டில் வைத்தேன். பாதியை என் தட்டுக்குத் தள்ளினார்.

அக். 16, வியாழன்

பனி. பஸ் விளக்குப் போட்டு வந்தது.

பள்ளி விட்டதும் ஹட்டன் கடை. பழைய பெட்டரியைக் கடைக்காரர் கையில் எடுத்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "மேக இவரய், மிஸ்." பக்கம் உப்பியிருந்தது. இது முடிந்துபோனதாம், சிங்களத்தில் சொன்னார். அப்பா சொன்னதும் அதுதான். நான் மூன்று நாள் எண்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

புதியதைப் போட்டோம். இந்தத் தடவை சொல்லிவிட்டு, அவரே பிளக்கை உருவினார். நான் போனில் நேரம், அவர் கடிகாரத்தில். பத்தாவது நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருபது. முப்பது. தேத்தண்ணி குடித்தோம். 41வது நிமிடம் பெட்டரி பத்து வீதம், சர்வர் தானே மூடிக்கொண்டது. சொருகினதும் தானே எழுந்தது. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும், ஆனாலும் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாள்.

காலண்டரில் 41 எழுதச் சொன்னார். எழுதினேன். சந்தோசம்தான். கடிதம் இருக்கும் லாச்சியைத் திறக்கவில்லை.

அக். 17, வெள்ளி

நல்ல வெயில். எதிர்மலை துலக்கமாக.

11.10க்கு உண்மையாகவே கரண்ட் போனது. ஊர் முழுக்க. செய்தி வந்தது. ஸ்டாஃப் ரூமில் போனைப் பிடித்தபடி நின்றேன். விழு, விழு என்று மனம் சொன்னது. ஆமாம், அப்படித்தான் சொன்னது. யாரும் பார்க்காத இடத்தில் எழுதுவதால் எழுதுகிறேன். விழவில்லை. 11.35க்குக் கரண்ட் வந்தது. படத்தில் அப்பா கெமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

வீடு 2.45. சர்வர் காலையிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. சட்டப்படி கையெழுத்து.

அப்பா உள்ளறையில் படுத்திருக்கிறார். தூக்கமில்லை, இருமுகிறார். மேரி அக்கா வந்து போய்விட்டார். சாரியை மாற்றவில்லை. கடிதம் மேசையில். கவரில் விலாசம்கூட எழுதியாகிவிட்டது.

ஐந்து வருடமாக எல்லோரிடமும் சொன்னேன்: அப்பா மட்டும் இல்லாவிட்டால் எங்கேயோ போயிருப்பேன். இப்போது அப்பா போ என்கிறார், பெட்டி போ என்கிறது. கொழும்பில் எனக்கு ஒருவரையும் தெரியாது. பயமாக இருக்கிறது. வேறொன்றுமில்லை, பயம்.

3.10. தபால் கந்தோர் நாலுக்கு மூடும். நடந்தால் பதினைந்து நிமிடம்.

3.25. இன்னும் இங்கேதான். பேனை கையில்.

3.31. பிளக்கை உருவிவிட்டேன். நான்தான். கையில் இருக்கிறது. பெட்டி கத்துகிறது. கரண்ட் மறுபடியும் போய்விட்டது, இதை நம்பி எப்படிப் போவது என்று அப்பாவிடம் சொல்லலாம்.

உள்ளறையில் இருமல் நின்றது.

"ஜெசி, இங்க லைட்டு எரியுதே."