மு. பழனிச்சாமி, இருவர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது. எதிர்வீட்டுக் கூரை பத்து மணிக்கு ஒரு தடவை தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. கம்பளிக்குள் இருந்தபடியே காபி.

செய்ய வேண்டியவை:
– ஓய்வு பெறும் நாளுக்கான உரை. நாற்பது நிமிடம். தலைப்பை அவர்களே வைத்துவிட்டார்கள்: "ரத்தப் புற்றுநோய் மரபணுக்களோடு ஒரு வாழ்க்கை". என்னமோ நான் அவற்றோடு குடித்தனம் நடத்திய மாதிரி.
– பழைய ஆய்வுக் குறிப்பேடுகள், ஒரு பெட்டி. வருஷவாரியாக அடுக்க.
– மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி.
– வடகவுஞ்சி கிராமத்துக்குப் போய்வர.

மலைமேல் இந்த வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்மேரி சாவியைக் கொடுக்கும்போது சொன்னது: "ஹீட்டர் நல்லா ஒர்க் ஆகும்மா. கரன்ட் இருக்கணும், அவ்வளவுதான்." கரன்ட் இல்லை.

நவம்பர் 5, புதன்

உரை: ஒரு பத்தி. அதிலும் பாதியை அடித்தாயிற்று.

ஏன் இந்தத் துறைக்கு வந்தேன் என்று எழுத வேண்டுமாம். மேடையில் சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம், விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்த ஒரு ஆய்வகம்தான். பஸ் காசு மிச்சம்.

ஆரம்ப வருஷங்கள். நுண்ணோக்கியில் எடுத்த படத்தை இருட்டறையில் கழுவி, குரோமோசோம்களை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவோம். ஒரு தடவை யாரோ மின்விசிறியைப் போட்டுவிட, ஒரு மனிதனின் நாற்பத்தாறும் அறை முழுக்கப் பறந்தன. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோம். ஏழாம் எண்ணில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. மறுநாள் என் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் வால் மாற்றிக்கொண்டதை, ரத்தப் புற்றுநோயின் அந்த அடையாளத்தை, முதல் முதலாக என் கண்ணால் பார்த்த நாள். என்ன ஒரு சந்தோஷம். மாடிப்படி இறங்கும்போதுதான் நினைவு வந்தது, அது யாரோ ஒருவருடைய ரத்தம் என்று. அன்று சாப்பிடவில்லை.

மதியம் நாற்காலியிலேயே தூக்கம். மேகத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஜோடிகள் நடந்து போகின்றன, கை கோத்துக்கொண்டு. நான் எண்ணுகிறேன். நாற்பத்தைந்து. மறுபடி எண்ணுகிறேன். விழித்தபோது சுற்றுலா வந்த கூட்டம் ஒன்று கீழே சாலையில்.

நவம்பர் 6, வியாழன்

வடகவுஞ்சி. வாடகை ஜீப். வழி முழுக்க எதுவும் தெரியவில்லை, வாழைத் தோட்டம் வந்ததும்தான் ஊர் என்று தெரிந்தது.

எனக்குப் பேர் வாங்கித் தந்த குடும்பம் இருப்பது இங்கேதான். தாத்தா பழனிச்சாமி, அவர் மகன்கள் முருகேசன், முத்தையா, மூவரும் ரத்தப் புற்றுநோயில் போனவர்கள். இருபத்தொன்றாம் குரோமோசோமில் ஒரே ஒரு இடத்தில் சின்னக் கோளாறு, பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. அது இருப்பவர்களுக்குக் காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது, தொட்டால் தோல் கன்றும். அவர்களில் சிலருக்குப் பிற்பாடு நோயாகவே முற்றும். ஒன்பது வருஷத்துக்கு முன் பேரன்கள் இருவரையும் சோதித்தேன். முருகேசன் மகன் ராசுவுக்குக் கோளாறு இருந்தது. முத்தையா மகன் துரைக்கு இல்லை.

ராசுவுக்கு அப்போது நிச்சயம் முடிந்திருந்தது. தானே போய் நிறுத்திவிட்டு வந்தான். துரை கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு பெண்கள்.

ராசு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திண்டுக்கல் போய் ரத்தம் பார்க்கிறான். ஒரு தடவைகூட அணுக்களின் எண்ணிக்கை பிசகியதில்லை. அதைத்தான் கட்டுரையாக்கினேன்: கோளாறு இருந்தும் அறிகுறியே இல்லாத மனிதர். என் கட்டுரைகளில் அதிகம் பேசப்பட்டது. உரையின் கடைசிப் பத்து நிமிடமும் அதுதான்.

இன்று எனக்காக வாழைத்தார் வெட்டினான். அருவாள் நழுவி இடது கட்டைவிரல். ஆழமாகத்தான். நான் கைக்குட்டையோடு ஓடினேன். "விடுங்கம்மா, இதெல்லாம் ஒரு வெட்டா" என்று விரலை அமுக்கிக்கொண்டு நின்றான். கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கதோஷம். நான்கு நிமிடம். ரத்தம் நின்றுவிட்டது.

துரை வீட்டில் டீ. மூத்த பெண்ணின் முழங்காலுக்குக் கீழே ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக.

"எங்கம்மா விழுந்த?"

"விழலயே."

துரையின் மனைவி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "இதுக்கு இப்பிடித்தாம்மா, தொட்டாலே கன்னிப்போகும். இவ அப்பாவுக்கும் ஒடம்பு அதே வாகுதான்."

டீ ஆறிவிட்டது. குடித்தேனா என்று நினைவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய குறிப்பேடு. என் கையெழுத்து, அழகாக வேறு.

மு. பழனிச்சாமி (1)
மு. பழனிச்சாமி (2)

இருவருக்கும் தாத்தா பேர். முருகேசன், முத்தையா, இருவருக்கும் முதலெழுத்து மு. வயது ஒரு வருஷம் முன்பின். மாமனார் பேரை மருமகள்கள் வாயால் சொல்லக் கூடாதென்று வீட்டில் ஒருவன் ராசு, மற்றவன் துரை. ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கும் அந்தப் பேருக்குச் சோலியே இல்லை.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்து வராந்தா. ஒன்று என்று எண் போட்ட குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு "மு. பழனிச்சாமி" என்று நான்தான் கூப்பிட்டேன். இரண்டு பேரும் எழுந்தார்கள். "நீ போலே", "ஏலே, நீ போ" என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். முதலில் வந்து கையை நீட்டியவன் யார்? அப்பா பேர் என்ன என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை.

நானும் பழனிக்காரி. எங்கள் தெருவிலேயே நான்கு பழனிச்சாமிகள். எனக்குத் தெரியாத வழக்கமா இது?

கா.வுக்கு, என் கடைசி மாணவி கார்த்திகாவுக்கு, போன்.

"பழைய சாம்பிள் ரெண்டும் ஃப்ரீசர்ல இருக்கு மேடம். ஆனா லேபிளே சந்தேகம்னா அதை வச்சு என்ன பண்றது?"

சரிதான். புதிதாக எடுக்க வேண்டும். ஞாயிறு காலை குழாய்களோடு அவளே வருகிறாள்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ரோஸ்மேரி கதவுக்கு வெளியே யாரிடமோ: "படிச்சவுங்களுக்குப் பசிக்காது போல."

நவம்பர் 9, ஞாயிறு

எடுத்தாயிற்று. இந்தத் தடவை ஆளுக்கொரு அறை. அப்பா பேர், பிறந்த தேதி, ஆதார், குழாயைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ. கா. ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பெண்.

பழைய சோதனையில் எனக்குச் சந்தேகம், அதனால் மறுபடி பார்க்கிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். அதற்கு மேல் சொல்லத் தைரியமில்லை.

துரை சிரித்தான். "எடுத்துக்கங்கம்மா. நமக்குத்தான் ஒன்னுமில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களே."

அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறான்.

ராசு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "லோடு ஏத்தணும், வெரசா முடிச்சிட்டீங்க, நல்லதாப் போச்சு" என்று போனான். எதுவும் கேட்கவில்லை. அவன் எப்போதுமே எதுவும் கேட்டதில்லை.

கா. மதிய பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கிப் போனாள்.

நவம்பர் 12, புதன்

மூன்றாம் நாள். கா.விடமிருந்து போன் இல்லை. வீட்டைச் சுற்றி மேகம். ஜன்னலைத் திறந்தால் உலகம் இன்னும் எழுதப்படவில்லை போல வெறும் வெள்ளை. கையை வெளியே நீட்டினால் மணிக்கட்டுவரைதான் என்னுடையது.

நடக்கப் போனேன். எந்தப் பக்கம் ஏரி என்று தெரியாமல் அரைமணி நேரம். குதிரை ஒன்று மட்டும் எதிரே வந்தது, ஆள் இல்லாமல். அது வழிவிட்டது, நானும் வழிவிட்டேன்.

ஒரு எண்ணம் வந்தது. எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். அடுத்த மாதம் ஓய்வு. பேசாமல் இருந்துவிட்டால்? கா. வாய் திறக்க மாட்டாள். துரையின் குழந்தைகளுக்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வருஷா வருஷம் ரத்தம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ராசுவுக்கு நாற்பதாகிவிட்டது. இனிமேல் தெரிந்துதான் என்ன?

இதை யோசித்தது நான்தான். வேறு யாரோ இல்லை.

ராசு தோளில் துரையின் சின்னவளைத் தூக்கிக்கொண்டு நடந்ததை வியாழக்கிழமை பார்த்தேன். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகி வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவே கண்ணுக்குள் ஓடுகிறது.

திருகாணி போட்டாயிற்று. கண்ணாடி இப்போது மூக்கில் நிற்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

11.20. கா.

"மேடம், உக்காந்திருக்கீங்களா?"

"சொல்லு."

"மாறித்தான் இருக்கு. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். முருகேசன் மகனுக்கு இல்ல. முத்தையா மகனுக்கு இருக்கு."

நன்றி சொன்னேன். பஸ்ஸில் நன்றாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டேன், ஐந்து நாள் கழித்து. அவள் அழுதாள். நான் அப்புறம்தான்.

அறிகுறியே இல்லாத மனிதருக்கு அறிகுறி இல்லாததன் காரணம், அவருக்குக் கோளாறே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம். ஒவ்வொரு ஆறு மாதமும் அவன் ரத்தம் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் அதற்குப் பதில் சொல்லி, விளக்கம் எழுதி, கைதட்டல் வாங்கினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்குக் கடிதம். ஐந்து வரி. இயக்குநருக்கு ஒன்று, உரை வேண்டாம் என்று. இரண்டும் அனுப்பியாயிற்று.

நாளைக்கு ஜீப். காலை ஏழு.

நவம்பர் 15, சனி

வெயில். வந்ததிலிருந்து இன்றுதான். பள்ளத்தாக்கு முழுக்க, கீழே பழனி சமவெளிவரை கழுவிவிட்ட மாதிரி. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ராசு தோட்டத்தில் பீன்ஸ் மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான், ஒட்டன்சத்திரம் லாரிக்கு.

"வெள்ளனே வந்துட்டீங்க."

சொன்னேன். உனக்கு இல்லை, ராசு. எப்போதுமே இருந்ததில்லை. நான் குழாயை மாற்றிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

கோணி ஊசி நிற்கவில்லை. அந்த மூட்டையைத் தைத்து முடித்து, சணலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"அப்ப துரைக்கு."

"ஆமா."

"புள்ளைகளுக்கு?"

"பாக்கணும். மூத்தவளுக்கு இருக்கும்னுதான் தோணுது."

மிச்சச் சணலை விரலில் சுற்றிக்கொண்டான். பிறகு, "எனக்கே இருக்கட்டும்மா. எனக்குப் பழகிப்போச்சு. அவன் தாங்க மாட்டான்" என்றான்.

அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்றேன். தெரிந்திருந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம், இருக்கிறது என்றாலே நோய் என்று அர்த்தமில்லை, மூத்தவளுக்கு ரத்தத்தை உறையவிடாத சில மாத்திரைகள் கொடுக்கவே கூடாது. வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. மன்னித்துவிடு என்று நடுவில் எங்கோ சொன்னேன்.

அவன் அடுத்த மூட்டையை இழுத்து வைத்தான். மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு நிச்சயம் பண்ணுன அந்தப் புள்ள இப்ப திண்டுக்கல்ல இருக்கு. ரத்தம் குடுக்கப் போறப்ப ஒருக்கா பஸ்டாண்டுல பாத்தேன். மூணு புள்ளைக" என்றான்.

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

துரை வீட்டுக்கு நடந்தோம், அவன் முன்னால், நான் பின்னால். வாசலுக்கு நாலு அடி இருக்கும்போது திரும்பினான்.

"ஒன்னு சொல்லவாம்மா?"

"சொல்லு."

"அன்னைக்கு எனக்கு நீங்க நின்னுகிட்டே சொன்னீங்க. தோள்ல பை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கடியாரத்தப் பாத்தீங்க. கேக்கறதுக்கு என்கிட்ட எவ்வளவோ கெடந்துச்சு. ஒன்னும் கேக்கல. இவன்கிட்ட உக்காந்து சொல்லுங்க."

துரை உள்ளேயிருந்து, "வாங்கம்மா, ரிசல்ட்டா?" என்று சிரித்துக்கொண்டே பாயை உதறி விரித்தான்.

பையை வாசலிலேயே இறக்கி வைத்தேன். உட்கார்ந்தேன். ராசு என் பக்கத்தில் உட்காரவில்லை. துரையை ஒட்டிப் போய் உட்கார்ந்தான்.