நாற்பது பேர் பட்டியல்

18 நவம்பர் 2024, திங்கள்

மூன்று மணிக்கு ஆரம்பித்த விண்ணப்பம் ஆறரைக்குத்தான் முடிந்தது. கை கழன்றுவிட்டது. இளைஞர் மேம்பாடு மற்றும் குற்றத்தடுப்பு மானியம். கிடைத்தால் சூளகிரி மாலை மையத்துக்கு வலை, பந்து, டியூஷன் டீச்சர், கழிப்பறைக்கு ஒரு கதவு. கிடைக்காவிட்டால் மார்ச்சோடு மூடுவிழா.

"குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்புள்ள இளைஞர்கள்" நாற்பது பேர் வேண்டுமாம். பெயர், வயது, முகவரி, காரணம். நானும் டிரஸ்ட் செயலாளர் ஆனந்த் சாரும் தலையைப் பிய்த்துக்கொண்டும் இருபத்தேழுக்கு மேல் தேறவில்லை. மீதி இடத்துக்கு வாலிபால் ஆட வரும் பதின்மூன்று பையன்களைப் போட்டேன். தங்கமான பிள்ளைகள்! எல்லோருக்கும் "தந்தை குடிப்பழக்கம்" என்று எழுதிக்கொண்டே போனேன். "ஒரே காரணமா இருந்தா ஃபைல் திரும்பி வந்துடும் மேடம், கொஞ்சம் மாத்தி மாத்திப் போடுங்க" என்றார் ஆனந்த் சார். போட்டேன். தகாத சேர்க்கை. பொது இடத்தில் தகராறு. ராஜசேகருக்கு "சிறு திருட்டு". அந்த நேரம் பார்த்து அவனே உள்ளே வந்து, நான் குழாயடியில் மறந்துவைத்த செல்போனைக் கொடுத்துவிட்டுப் போனான். இருவரும் சிரித்துவிட்டோம்.

6 பிப்ரவரி 2025, வியாழன்

மானிய ஆணை வந்துவிட்டது! ஆனந்த் சார் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார்.

22 ஏப்ரல், செவ்வாய்

டியூஷனில் உட்கார இடமில்லை. ராஜசேகர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டான், சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு அப்ரண்டிஸ் தேர்வு எழுதப் போகிறான். என் பையன் மாதவன் அவனிடம்தான் ஸ்மாஷ் அடிக்கப் பழகுகிறான். பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் வீட்டுத் துரை மையத்தில்தான் கிடக்கிறார்.

14 ஜூலை, திங்கள்

ராஜசேகரின் அம்மா கெம்பம்மா வந்தார். ரோஜாத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றதுமே எனக்குத் திக்கென்றது. பையன் தேர்வில் பாஸ். மெடிக்கலும் பாஸ். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுவந்தால் சேரலாம். ஸ்டேஷனில் தர முடியாது என்றுவிட்டார்களாம்.

"திருட்டுப் பையன்னு எழுதியிருக்குதாம் மேடம். எவன் ஊட்டுல என்னா எடுத்தான் இவன்? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க பையன உங்களுக்குத் தெரியுமில்ல?"

வருகிறேன் என்றேன். எவன் எழுதினானோ, அவன் கை விளங்காமல் போக என்றுகூடத் திட்டினேன். சத்தியமாக எனக்கு அப்போது உறைக்கவில்லை.

15 ஜூலை, செவ்வாய்

என் கையெழுத்து.

ஏட்டு கோப்பைத் திறந்து ஜெராக்ஸை என் பக்கம் திருப்பினார். வரிசை எண் 33. ராஜசேகர், 18, சிறு திருட்டு. "மானியம் குடுக்கிற ஆபீஸ்லருந்து எங்களுக்கு ஒரு காப்பி வரும். உங்க சீல்தானே மேடம் இது?"

எங்கள் சீல்தான். கீழே என் பெயர்: பொற்கொடி, ஒருங்கிணைப்பாளர்.

கெம்பம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. "என்னா மேடம் எழுதியிருக்குது?" என்று என்னையே கேட்கிறார். "பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாமாம்! பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் மயக்கம் என்று நினைத்து, தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

வாங்கிக் குடித்தேன். என்ன ஜென்மம் நான்?

16 ஜூலை

28ஆம் தேதிக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அவன் இடம் வேறொருவனுக்கு.

17 ஜூலை, வியாழன்

சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டுக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல். ராஜசேகர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கெம்பம்மா கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் கேட்டார்.

"உங்க பையனும் தினம் அங்கதானே ஆடறான். அவன் பேரு எத்தனாவது?"

இல்லை. மாதவன் பெயர் இல்லை. ஆள் போதவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டபோதும் அவனைச் சேர்க்கத் தோன்றவில்லை. வெறும் ஃபார்ம்தான் என்றால் ஏன் தோன்றவில்லை? — எனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. தெரிஞ்சேதான் அடுத்தவ புள்ளைங்க பேரா பார்த்து எழுதியிருக்கேன்.

19 ஜூலை, சனி

ஆனந்த் சாரிடம் பட்டியலைத் திருத்த வேண்டும் என்றேன். ஆடிப்போய்விட்டார். "ஒரு பேரை எடுத்தா மொத்தமும் பொய்னுதான் சொல்லுவாங்க. மானியம் நின்னுடும். முத்துமணியை நெனச்சுப் பார்த்தீங்களா?"

முத்துமணிக்குப் பதினேழு வயது. கஞ்சாப் பொட்டலம் கைமாற்றிக்கொண்டிருந்தவன். மையத்துக்கு வந்த பிறகு விட்டுவிட்டு, பத்தாவது தனித்தேர்வுக்குப் படிக்கிறான். அந்த இருபத்தேழில் ஒருவன். மையம் மூடினால் அவன் எங்கே போவான்? ஆனந்த் சார் கேட்டது நியாயம்தான்.

21 ஜூலை, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். மானிய அலுவலகத்துக்கு ஒன்று, ஸ்டேஷனுக்கு ஒன்று. "பதின்மூன்று பேரைப் பற்றி நான் எழுதிய காரணங்கள் பொய். மீதி இருபத்தேழு பேரைப் பற்றியவை முற்றிலும் உண்மை என உறுதி கூறுகிறேன்." கடைசி வரி மானியத்தைக் காப்பாற்ற. ஆனந்த் சார் கையெழுத்துப் போடவில்லை. நான் மட்டும்தான்.

25 ஜூலை, வெள்ளி

சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். ராஜசேகர் என்னைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனான். போகட்டும். திங்கட்கிழமை கம்பெனி பஸ் ஏறிவிடுவான். அது போதும் எனக்கு.

12 ஆகஸ்ட், செவ்வாய்

விசாரணை முடியும்வரை மானியம் நிறுத்தம். டியூஷன் டீச்சர் நின்றுவிட்டார். கணக்குப் பாடம் நானே எடுக்கிறேன் — பாவம் பிள்ளைகள். வாலிபால் பையன்கள் ஒருவர்கூட வருவதில்லை. மாதவனும் வருவதில்லை. காரணம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

ஆட ஆளில்லாத வலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முத்துமணி வந்து மறுமுனையைப் பிடித்தான்.

"பதிமூணு பேருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தீங்களாமே அக்கா. அதுல நான் இருக்கேனா?"

"அது... பொய்யா எழுதினவங்களுக்குடா. உன்னுது வந்து—"

வலை முடிச்சை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான் பொட்டலத்த உட்டு எட்டு மாசம் ஆவுதுக்கா" என்றான்.

கோபமெல்லாம் இல்லை. வலையை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கடவுளே! பட்டியலில் எழுதியபோதாவது அவசரம், அறியாமை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு முன்னால் அவனைப் பற்றி, முற்றிலும் உண்மை என்று, நிதானமாக உட்கார்ந்து உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் தினமும் என் கண்ணெதிரே மையத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது.

30 ஆகஸ்ட், சனி

அவனுக்காக இன்னொரு கடிதம் எழுதினேன். அவனிடம் படித்துக் காட்ட வேண்டும். வரவில்லை.

2 செப்டம்பர், செவ்வாய்

இன்றும் வரவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். அவன் அம்மா பவளம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. முத்துமணி ஏன் நாலு நாளாக மையத்துக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"வரலியா? அஞ்சு மணி ஆனா புஸ்தகத்தை எடுத்துக்கினு கெளம்பிடறானே மேடம். உங்ககிட்டதானே வர்றான்?"