வலிக்குப் பின்னால் என்ன வரும்?

டியூட்டி முடிந்து வரும் வழியில் பேக்கரிக்காரர் சுடச்சுடக் குபூஸ் ரொட்டியில் சீஸ் தடவிக் கொடுத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நடுரோட்டில் நின்றுவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, கேட்டியா?

ஓமானில், இந்தச் சலாலாவில் ஒரே ரூமில் இருந்த நர்ஸுகள் நாம். மற்றவர்கள் போனில் நகை டிசைன் பார்ப்பார்கள். நீ பழைய கிரேக்க ஞானிகளைப் பற்றிப் பேச்சுக் கேட்பாய். அதில் ஒருவர்மேல் உனக்கு அப்படியொரு பிரியம். இன்பமே வாழ்வின் இலக்கு என்றவர். ஆனால் அந்த மனிதருக்கு விருந்து என்றால் ஒரு துண்டு சீஸ், அவ்வளவுதான்.

"வயித்துல பசியில்ல, மனசுல பயமில்ல, பக்கத்துல நீ இருக்க. இதுக்கு மேல என்னட்டி வேணும்?" என்பாய்.

"ஒரு பிரியாணி" என்பேன் நான்.

பிறகு உனக்கே புற்றுநோய் வந்தது. இரண்டு சுற்று மருந்து ஏற்றியும் அது கல்லீரல்வரை பரவிவிட்டது. மூன்றாவது சுற்று வேண்டாம் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். உன் முடிவைக் கேட்க டாக்டர் கதவுக்கு வெளியே நின்றார். நீ ஒருமுறை தலையாட்டினால் இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருப்பாய் என்று தவியாய்த் தவித்தேன்.

"பின்னால பெரிய சுகம் வரும்னா வலியைப் பொறுத்துக்கலாம்னு உன் கிரேக்க ஆளே சொல்லியிருக்காருல்ல? பொறுத்துக்கோ!" என்று கத்தினேன்.

"பின்னால என்ன வரும்? நீயே சொல்லு."

"மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாம் சரியாப் போயிடும்." வார்டில் எல்லா நோயாளியிடமும் பாடுகிற அதே பல்லவி.

நீ சிரித்தாய். "எட்டி, நானும் நர்ஸுதான். எங்கிட்டயேவா?"

உன் ரிப்போர்ட்டை நானும் படித்திருந்தேன், நீயும் படித்திருந்தாய். கடைசியில் கதவைத் திறந்து டாக்டரிடம் "வேண்டாமாம்" என்று சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு கிடைத்த சில வாரங்களில் நீ வாந்தி எடுக்கவில்லை. சாரலில் நனைந்தாய், கடலைப் பார்த்தாய், பார்க்க வந்தவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்தாய். பொல்லாதவளே, சந்தோஷமாகத்தான் போனாய்.

செத்தவர்களுக்கு எந்த வலியும் இல்லை என்றும் உன் கிரேக்கர் சொன்னாராம். சரி, ஒத்துக்கொள்கிறேன். மிச்சமிருப்பவளுக்கு என்ன சொன்னார்? அதைச் சொல்லாமலே போய்விட்டாயே, பாவி! தினமும் நீ இல்லாததைச் சுமந்துகொண்டுதான் டியூட்டிக்குப் போகிறேன். இறக்கிவைக்கச் சொல்லி யாரும் புத்தி சொல்ல வேண்டாம். உன் கிரேக்கர் எழுந்து வந்து சொன்னாலும் சரி, இந்த வலி எனக்கு வேண்டும்.