வீட்டில் டைனமோ சுற்றிய நாட்கள்

7-7-52, திங்கள்

மேகமூட்டம். புழுக்கம். துணி காயவில்லை.

வீட்டுக்காரருடைய வலது மணிக்கட்டில் இன்னும் மூங்கில் பத்தைக் கட்டு. லாரியைக் கிளப்ப அதன் கைப்பிடியைச் சுழற்றும்போது எஞ்சின் திருப்பி அடித்து முறிந்த எலும்பு. தானே கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கழற்றி வைத்தவரும் அவரேதான். யாரை நோவது?

அவர் வேலை பார்க்கும் லாரி ஷெட்டின் மேஸ்திரி காதர் பாய் வந்தார். கூடத்தில் ஒரு டைனமோ ஆர்மேச்சரை வைத்தார், உள்ளே சுழலும் கம்பி சுற்றிய இரும்பு உருளை. கம்பியெல்லாம் கருகி, ஒரே நாற்றம்.

"சூசை, இத்த நீ சுத்தித் தரலன்னா மொதலாளி வேற ஆளப் போட்டுடுவாரு. நான் இன்னா பண்ண?"

"தரேன் பாய்" என்றார் இவர். எந்தக் கையால்?

பாய் போனதும் என்னைப் பார்த்தார். "கன்னியாஸ்திரீ மடத்துல லேஸ் பின்னவதானே நீ. நீ சுத்து."

8-7, செவ்வாய்

வேண்டியவை: செம்புக் கம்பி, ஆயில் பேப்பர், மூங்கில் ஆப்பு, ஈயம், வார்னிஷ்.

இரும்பில் நீளவாட்டில் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் பேப்பர், பிறகு பத்துச் சுற்றுக் கம்பி, மேலே ஆப்பு. அவர் சொல்லச் சொல்ல நான். நடுவில் குழாயடிச் சண்டை: "ஏன்மே எங்கொடத்த நகத்துறே?" எண்ணிக்கை போச்சு.

ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மணியை உருட்டினால் ஒரு சுற்று. பிறகு தவறவில்லை, வேகமாக ஓடியது.

9-7, புதன்

ஆப்பு இறங்கவில்லை. அவர் எண்ணிப் பார்த்தார். சில பள்ளங்களில் பத்து, பலவற்றில் பதினொன்று. ஜெபமாலையில் பத்து மணிகளுக்கு அடுத்துத் தனியாக நிற்கும் பரலோக மந்திர மணிக்கும் ஒரு சுற்றுப் போட்டிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து பழகிய விரல், நிற்கவில்லை.

"இன்னாமே, டைனமோவுக்கும் பரலோக மந்திரம் சொன்னியா?" சிரித்தார். சிரித்ததில் கை வலித்து முனகினார். நல்லா வேண்டும்.

முழுவதும் பிரித்தேன். அழுகை வந்தது, அழுதேன். மறுபடி ஆரம்பம். இந்த முறை வாய்விட்டு ஒன்று, இரண்டு.

11-7, வெள்ளி

கம்பி முனைகளை ஆர்மேச்சரின் ஓரத்துச் செம்புப் பட்டைகளில் ஈயத்தால் பற்றவைத்ததில் கட்டைவிரலில் கொப்புளம். மீன் வாங்கவில்லை, ரசம் மட்டும்.

சோதனை. பேட்டரியிலிருந்து வரும் கம்பி ஒன்று ஆர்மேச்சரின் இரும்புத் தண்டில், மற்றது செம்புப் பட்டையில், இடையில் சின்ன பல்பு. எரிந்தால் மின்சாரம் இரும்பில் கசிகிறது, எல்லாம் வீண். ஒவ்வொரு பட்டையாகத் தொட்டார். எரியவில்லை. பல்பு எரியாததற்குச் சந்தோஷப்பட்டவள் இந்தக் கல்மண்டபம் பகுதியிலேயே நான் ஒருத்திதான்.

14-7, திங்கள்

காதர் பாய் வந்து பார்த்துவிட்டு: "கை ஒடஞ்சும் வேல இன்னா சுத்தமா கீது!"

பாராட்டை இவரே வாங்கிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் எனக்குச் சுருக்கென்றது. பிறகு கேட்டதற்கு, "சொன்னா வேல பூடும்மே" என்றார். தெரியும். தெரிந்தாலும் வலிக்கிறது.

பாய் இன்னும் இரண்டு ஆர்மேச்சர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

26-7, சனி

மழைத் தூறல். ஒரு ஸ்டார்ட்டரும் முடித்தாயிற்று. அதில் தடித்த கம்பி, வளைக்கவே தோள் வலி. அவர் சொல்லாமலே பேப்பரை அளவாக வெட்டுகிறேன். துறைமுகத்துக்குப் போகிற லாரி எதுவானாலும் எட்டிப் பார்க்கிறேன், நான் சுற்றிய டைனமோ அதில் ஓடுகிறதோ என்று. வேலை பிடித்துவிட்டது. யாரிடம் சொல்ல?

4-8, திங்கள்

கட்டு அவிழ்த்தார்கள். விரல்கள் நன்றாக மடங்குகின்றன. ஆண்டவருக்குத் தோத்திரம்.

"இனிமே ஒனக்குத் தொல்ல இல்ல" என்றார். சுத்தியலையும் ஆப்புகளையும் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். புருஷன் கை குணமானதில் முழுச் சந்தோஷம் இல்லாதவள். இப்படியும் ஒரு பெண்டாட்டி.

5-8, செவ்வாய்

காலையில் பாய் ஓர் ஆர்மேச்சரோடு. இவர் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு வாங்கிவிட்டேன். எப்படித் துணிந்தேனோ.

"ஷெட்டுல லாரிங்களுக்கு வயர் வேல நீங்க பாருங்க. சுத்துறது நான்" என்றேன் இவரிடம்.

பாய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா சுத்துனது?"

இவர் என்னைக் கை காட்டினார்.

"இவதான் பாய்."

பாய் தாடியைத் தடவினார். "மொதலாளிக்கு டைனமோ ஓடுனா சரி. நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்?" போய்விட்டார்.

இவர் கேட்டார்:

"அப்ப சோறு யாருமே ஆக்குறது?"

"கைதான் நல்லாயிடுச்சே."

இவர் ஆக்கிய சோறு குழைந்து, அடியும் பிடித்திருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.