மஞ்சள் பிடிக்காத தண்டு

ஆடி 3, சனி

விடிந்ததிலிருந்து சாரல். தேய்க்கிற வாட்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது, ஸ்பிரிட்டும் வாங்க வேண்டும்.

குற்றாலம் போனேன். சீசனுக்கு வந்திருக்கும் மதுரை வக்கீல் வீடு. அவர் அப்பாவின் புகையிலை பைப், போன வருஷம் நம் கடையில் சுத்தம் பண்ணியது. ஒரே புகழ்ச்சி.

“மதுரையில வருஷம் பூரா ஜன்னல்லதான் கிடக்கு அண்ணாச்சி. தண்டு இன்னும் கருகருன்னு இருக்கு பாருங்க!”

சந்தோஷம். ஒரு நிமிஷம்தான். வாயில் வைக்கும் அந்தப் பழைய தண்டு கெட்டி ரப்பர். வெயில் பட்டால் ஆறு மாதத்தில் மஞ்சள் பூக்கும், எவன் தேய்த்திருந்தாலும். கட்டைவிரலால் சூடேற உரசி முகர்ந்தேன். ரப்பருக்கு வரும் கந்தக வாடை இல்லை. பிளாஸ்டிக்.

“நல்லா இருக்கு சார்” என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆடி 4, ஞாயிறு

தென்காசிக் கடை லீவு. கூட்டாளி சுடலை எங்கள் ஐந்தருவி சீசன் கடையில். எனக்குக் கண் மங்கியதிலிருந்து தண்டு வேலை அவன் பொறுப்பு. நான் கற்றுக்கொடுத்ததுதான். திருகித்தான் கழற்ற வேண்டும், நேரே இழுக்கக் கூடாது. உள்ளே ஸ்பிரிட்டில் நனைத்த கம்பி, கறுப்பு வருவது நிற்கும்வரை. வெளியே தண்ணீர் விட்டு மஞ்சள் போகத் தேய்ப்பு. கடைசியில் எண்ணெய், ஒரு சொட்டு. முழுசாக இரண்டு நாள் வேலை.

தென்காசிக் கடைக்குப் போய் அவன் மேஜையைத் திறந்தேன். பிஸ்கட் டப்பா நிறையப் பழைய தண்டுகள். வக்கீல் அப்பாவுடையதும். நுனியில் இடப்பக்கம் ஆழமான பல் தடம். “அத மட்டும் தேய்ச்சிராதீங்க, அப்பா கடிச்சது” என்று பைப்பைக் கொடுத்த அன்றைக்கு அவ்வளவு கெஞ்சினார் மனுஷர். பைப்பில் சொருகும் முளை உடைந்திருக்கிறது. இழுத்திருக்கிறான்.

நேற்றுப் பார்த்த பிளாஸ்டிக்கிலும் அதே இடத்தில் அதே தடம்.

பல் வலி. மாத்திரை.

ஆடி 5, திங்கள்

சுடலையிடம் கேட்டே விட்டேன். ஒரே தள்ளுவண்டியில் அருவிக்கரையில் எண்ணெயும் சீயக்காயும் விற்றவர்கள் நாங்கள்.

“மொதல்ல அது ஒண்ணுதான் வே உடைஞ்சுது. புதுசு மாட்டிக் குடுத்தேன், ஆருக்கும் தெரியல. பொறவு எதுக்கு ரெண்டு நாள் கெடந்து தேய்க்கணும்?”

“பல் தடம்?”

“ஒருநாப் பூரா அரத்த வச்சி உக்காந்தேன்லா. அச்சு அசல்! உம்மால முடியாது.”

பெருமை வேறு!

“உடைஞ்சுதுன்னு சொல்லியிருந்தா ஒட்டியிருக்கலாமே வே.”

“சொன்னா நீரு கத்துவீரு.”

கத்தியிருப்பேன். வாஸ்தவம். கத்திவிட்டு மறுநாள் மறந்திருப்பேன். இது அவனுக்குத் தெரியாதா?

கடைச் சாவியை வாங்கிக்கொண்டேன். டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்றான். நானே வாங்கிக் கொடுத்தேன், வெட்கம் கெட்டு.

ஆடி 7, புதன்

சாரல் நின்று வெறிப்பு. நேற்று முழுக்க, ராத்திரியும் உட்கார்ந்து முளை வைத்து ஒட்டினேன். கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துச் சுத்தம் பண்ணினேன். தடத்தைத் தொடவில்லை.

வக்கீல் வீடு. மறைக்காமல் எல்லாம் சொன்னேன். பழைய தண்டை வாங்கி ரொம்ப நேரம் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“சனிக்கிழமை. இங்க வச்சே.”

“நல்லா இருக்குன்னீங்க.”

“கூட்டாளி சார். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு…”

பைப்பிலிருந்து பிளாஸ்டிக்கைக் கழற்றி என் பக்கம் தள்ளினார்.

“நேத்து அப்பாவுக்குத் திதி அண்ணாச்சி. இதத்தான் படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டேன்.”