ஏட்டி

சித்திரை, செவ்வாய்க்கிழமை இரவு. கோவில்பட்டி.

கால் மஞ்சளை இன்னும் கழுவவில்லை.

புதூர்ப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் இன்று நான்தான் சக்திக் கரகம் எடுத்தேன். சேலை கட்டி வீட்டை விட்டு வந்தபின் எங்கள் தெருவுக்கு இன்றுதான் போனேன். வாசலில் அம்மா குடத்தோடு நின்றாள். என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டாள். "தாயே, எங்களக் காப்பாத்து" என்றாள். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கரகத்தை இறக்கிவைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு அவளிடம் போனேன்.

"ஏலே, அப்பா வாரதுக்குள்ள போயிரு."

தலையில் கரகம் இருக்கிறவரை தாயே. இறக்கியதும் மறுபடி ஏலே, பையன். எனக்கு அந்தத் தாயே வேண்டாம். தங்கச்சியை நாளெல்லாம் ஏட்டி, ஏட்டி என்று ஏசுவாளே, பெண்பிள்ளைக்கான அந்த ஏச்சு ஒன்று போதும். தண்ணீரும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

தெருமுனை திரும்பும்போது பின்னால் அம்மாவின் சத்தம் கேட்டது.

"ஏட்டி, நில்லுட்டி!"

நின்று திரும்பிப் பார்த்தேன். செம்பில் தண்ணீரோடு என் பின்னால் ஓடிவந்த தங்கச்சியைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே நின்றோம்.