கால்மாட்டில் இரண்டு மஞ்சள் பாதங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். எப்போதும் கை தானாக எழுதிவிடுகிற வரிதான் இது. ஆனால் இந்த முறை ‘அம்மாவும்’ என்று எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் பேர்வழி என்று பாதியைக் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணிமேல் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நலம்தான். அதனால் இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு விமான டிக்கெட் தேடாதே. நடுவில் போன் செய்யாதே. முழுக்கப் படி.

போன மாதம் அம்மாவுக்குக் கொஞ்சம் தலைசுற்றல், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னோம் அல்லவா, அது தலைசுற்றல் இல்லை, மாரடைப்பு. ரிப்போர்ட்டை அனுப்பு அனுப்பு என்று நீ உயிரை எடுத்தபோது போனில் கேமரா கெட்டுப்போச்சு என்று அம்மா கூசாமல் புளுகினாள், மறுநாளே அதே போனில் பூத்த பூவைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியும் வைத்தாள். ஊர் உலகத்து நோயையெல்லாம் கண்டுபிடிக்கிற டாக்டரம்மா, அதை மட்டும் கோட்டை விட்டுவிட்டாய். திட்டுவதாக இருந்தால் அவளைத் திட்டு, எனக்கு வாயைத் திறக்க அனுமதி இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு என்று அப்படியே சுவரில் சாய்ந்தாள். வேர்த்துக் கொட்டியது. எதிர்வீட்டு டிரைவர் அண்ணன், அதுதான் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தன் காரை எடுத்தார். பாவம், பறந்துதான் போனார், ஆனால் வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் ஓரம் கட்டிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் அங்கே நின்றிருந்தவர்கள் எல்லாம் பின்வாங்கினார்கள். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது அவரைக் கடித்துத் தின்றிருப்பேன். எப்படியோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். கட்டிலில் படுக்க வைத்த மறு நொடி அம்மாவின் கண் மேலே செருகிவிட்டது. ஏதோ ஒரு மணி அடித்தது, நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள், ஒருவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். யாரும் சொல்லாமலேயே நான் வாசல் பக்கம் நடந்தேன். சொந்தக்காரர்களை வெளியே நிறுத்துகிற ஆஸ்பத்திரிதானே எனக்குத் தெரியும். உன் பெரியப்பாவுக்கு முடியாமல் போனபோது மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, கூடப்பிறந்தவனின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் நீயும் நின்றாய், அப்போது நீ டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் இந்த முறை ஒரு நர்ஸம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். எங்க போறீங்க அய்யா, உங்க இடம் இங்க இருக்கு என்று தரையைக் காட்டினாள். பாப்பா, கட்டிலின் கால்மாட்டில், தரையில், இரண்டு மஞ்சள் பாதங்களை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். செருப்பு அளவில் எட்டாம் நம்பர் இருக்கும். போன விடுமுறையில் நீ உன் ஆராய்ச்சியை எனக்கு விளக்க, சாப்பாட்டு மேசையில் தட்டைக் கட்டில் என்று வைத்து, கரண்டியை டாக்டர் என்று வைத்து, உப்பு டப்பாவை நர்ஸ் என்று வைத்து, தட்டின் இந்தக் கடைசியில் இரண்டு பட்டாணியை வைத்து, சொந்தக்காரங்க இங்க நிக்கணும்ப்பா, தலைப்பக்கமும் கைப்பக்கமும் நாங்க வேலை பாக்கணும், காலு மட்டும்தான் யாருக்கும் தேவைப்படாது, அதை அவங்க பிடிச்சுக்கலாம் என்று சொன்னாயே. அந்தப் பட்டாணியை நான் பேச்சுவாக்கில் வாயில் போட்டுக்கொண்டேன் என்று கோபித்துக்கொண்டாயே. அந்தப் பட்டாணிமேல்தான் நான் போய் நின்றேன்.

நின்றதும் ஒரு கூத்து. நர்ஸம்மா அம்மாவின் வயதைக் கேட்டாள், நான் ஆறு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காலைப் பார்த்துவிட்டால் எனக்குச் செருப்பு அளவைத் தவிர வேறு எண் வாயில் வராது, செருப்புக்கடையில் உழைத்தவன் புத்தி. அம்மாவின் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, கட்டிலுக்கு அடியில் நேராக வைத்தேன். பிறகு இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. நர்ஸம்மா என் தோள் பக்கமே நின்று, இப்ப நெஞ்சை அழுத்துறாங்க, இப்ப மருந்து போகுது, இப்ப ஷாக் கொடுக்கப் போறாங்க கையை எடுங்க, முடிஞ்சுது பிடிச்சுக்கங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுதேன், ஆனால் பயம் ஒரு அளவுக்குள்தான் இருந்தது. கதவுக்கு வெளியே நின்றால் மனசு என்னென்னவோ கற்பனை செய்யும், அதற்கு அளவே கிடையாது. உள்ளே நின்றவனுக்கு எத்தனை பேர் என் வீட்டுக்காரிக்காக வேர்த்து வழிகிறார்கள் என்று கண்ணால் பார்க்கக் கிடைத்தது. ஒருவேளை அவள் போயிருந்தாலும், பெரியப்பா விஷயத்தில் இன்றுவரை என்னை அரிக்கிறதே ஒன்று, அது இருந்திருக்காது. போகவில்லை. இரண்டாம் ஷாக்குக்குப் பிறகு திரையில் கோடு ஒழுங்காக ஓட ஆரம்பித்தது.

மறுநாள் பிரிவின் தலைமை டாக்டர் வந்தபோது, இந்த மஞ்சள் பாதம் யாருடைய யோசனை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. ஒரு ஆராய்ச்சி படிச்சோம் சார், சொந்தக்காரர் ஒருத்தர் உள்ள நின்னா எங்க வேலை தாமதமாகுதா, தப்பு கூடுதான்னு பாத்திருக்காங்க, ஒரு வித்தியாசமும் இல்லன்னு வந்துது, இடைஞ்சலே இல்லன்னா பின்ன எதுக்கு நாங்க மனுஷங்கள வெளிய நிறுத்தணும், அடுத்த வாரமே பாதத்தை ஒட்டிட்டோம் என்றார். அந்த ஆராய்ச்சி என் மகள் செய்தது என்றேன். இங்க வர்ற எல்லாருக்கும் வெளிநாட்டுல ஒரு டாக்டர் பிள்ளை இருக்கு சார் என்று சிரித்தார். விடுவேனா, நீ அனுப்பியிருந்த ஆராய்ச்சியின் முதல் பக்கத்தை, உன் பெயரோடு, போனில் காட்டினேன், கேமரா கெட்டுப்போன அதே போன்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். முன்னெல்லாம் கதவைத் தட்டுறவங்களைச் சமாளிக்கவே ஒரு ஆள் வேணும், இப்ப வாசல் அமைதியா இருக்கு, அவங்களுக்கு எங்க நன்றியைச் சொல்லுங்க என்றார். சொல்லிவிட்டேன்.

இப்போது போன வாரம் நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். உன் ஆராய்ச்சியைப் பெரிய மருத்துவப் பத்திரிகைகள் போடவில்லை, அடுத்த ஆராய்ச்சிக்குக் கேட்ட அனுமதியையும் தள்ளிவிட்டார்கள், வித்தியாசம் இல்லை என்று வந்ததற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள், இத்தனை வருஷம் ஒரு ஒண்ணுமில்லாததுக்குப் போச்சுப்பா, மாசக் கடைசியில ஆராய்ச்சி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ட்யூட்டி மட்டும் பாக்கப்போறேன் என்றாய். எனக்கு நடந்த உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் கிள்ளினாள். போனை வைத்ததும் இருவருக்கும் சண்டை. கடைசியில் அவளே இறங்கி வந்து, போன்ல சொன்னா அழுவா, எழுதினா படிச்சுட்டு யோசிப்பா, எழுதுங்க என்றாள். அதுதான் இந்தக் கடிதம். உறவுக்காரர் பக்கத்தில் இருந்தால் நோயாளிகள் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று காட்ட ஆசைப்பட்டாய், அப்படி வரவில்லை, அதனால் தோற்றுவிட்டதாக நினைக்கிறாய். நீ தோற்றதாகச் சொல்கிற அந்தப் பதில்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது. ட்யூட்டி முடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உங்கள் அவசரப் பிரிவின் கேமராப் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாயே, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று அம்மா கேலி செய்கிறாள். நான் சொல்கிறேன். நன்றி பாப்பா.

இன்னொன்று. வீட்டுக்கு வந்த பிறகு, அன்றைக்கு உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். டாக்டர் முகமும் தெரியாதாம், ஷாக்கும் தெரியாதாம். கண்ணு திறக்கறதுக்கு முன்னாடி யாரோ என் கால் பெருவிரல் நுனியை அமுக்கி அமுக்கிப் பாத்தாங்க, செருப்புல இடம் இருக்கான்னு பாக்கற மாதிரி, உலகத்துல அப்படி அமுக்கறது நீங்க ஒருத்தர்தானே, இங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுது, பயம் போயிடுச்சு என்றாள். அமுக்கினேனா என்று எனக்கே நினைவில்லை. கை அதன் பழக்கத்துக்கு வேலை பார்த்திருக்கிறது. நீ டாக்டர்களைக் கணக்கெடுத்தாய், மருந்தை, நேரத்தைக் கணக்கெடுத்தாய், பிழைத்து எழுந்தவர்களிடம் இதைக் கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. இதெல்லாம் ஆராய்ச்சியில் சேருமா சேராதா என்பதும் தெரியாது, அது உன் பாடு. ஆராய்ச்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிற அந்தக் காகிதத்தை மட்டும் அம்மாவிடம் ஒருமுறை பேசாமல் கொடுக்காதே.

மருந்து மாத்திரையை அம்மா ஒழுங்காகப் போடுகிறாள். நடக்கச் சொன்னால்தான் டிரைவர் அண்ணன் வீட்டோடு திரும்பிவிடுகிறாள். உனக்கு ஒரு ஜோடி ஷூ தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், நாள் முழுக்க நின்றாலும் குதிகால் வலிக்காது. போட்டுப் பார்த்து, பெருவிரல் நுனியில் இடம் இருக்கிறதா என்று நீயே அமுக்கிப் பார்த்துக்கொள், பக்கத்தில் இருந்தால் நான் பார்த்திருப்பேன். வெறும் வயிற்றோடு ட்யூட்டிக்குப் போகாதே. நீ நோய்நொடி இல்லாமல், செய்கிற வேலை கைகூடி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். எங்கள் ஆசி எப்போதும் உன் கூடவே இருக்கிறது.

மஞ்சள் பாதத்தில் நின்ற
உன் அப்பா

பி.கு. அம்மா பேனாவைப் பிடுங்குகிறாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

எனக்கு வித்தியாசம் இருந்துச்சுடி. எழுதிக்கோ.
அம்மா